அரிசி மூட்டையும் என் வலது தொடையும்

ஓடுகிற ஸ்கூட்டரிலிருந்து விழுந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவாவது மரியாதையாக இருந்திருக்கும். நான் விழுந்தது நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டரிலிருந்து. மகள் கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரம் விசாரிக்க மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அதில் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஒருவர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். என் சுபாவத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஒரு காலை ஊன்றிக்கொண்டு திட்ட ஆரம்பித்தேன்.

கோபம் வந்தால் எனக்குக் கன்னடம்தான் வரும். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு என்ன வரும்! கையை வீசி, விரலை நீட்டி, வெகு ஜோராகத் திட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டர் சாய்ந்தது. சாக்கடை ஓரத்துக் கல்மேல் என் வலது தொடை, தொடைமேல் ஸ்கூட்டர். "அம்மா" என்று அலறினேன். வலித்தால் தமிழ் வரும் என்று பெருமையடித்துக்கொள்ளலாம் என்றால், அந்த ஒரு வார்த்தை இரண்டு பாஷைக்கும் பொதுவாகப் போய்விட்டது.

என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினவர் அதே ஆட்டோக்காரர்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் திரும்பி "நோவ்தா சார், வலிக்கிதா சார்" என்று இரண்டு பாஷையிலும் கேட்டுக்கொண்டே வந்தார். பாக்கி வைத்திருந்த திட்டையெல்லாம் நான் விழுங்க வேண்டியதாயிற்று.

தொடை எலும்பு இரண்டு துண்டு. உள்ளே நீளமாக ஒரு கம்பியைச் செருகி, மேலேயும் கீழேயும் திருகு போட்டு முடுக்கினார்கள். முப்பத்தைந்து வருஷம் ரயில்வே பட்டறையில் திருகோடும் முடுக்கியோடும் குடும்பம் நடத்தியவன் நான். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, வேலை சுத்தம் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டேன். டாக்டர் வந்ததும் முதல் கேள்வியாக, என் பெண்ணை மடியில் உட்கார வைத்துக்கொள்ள எப்போது முடியும் என்று கேட்டேன்.

"குழந்தைக்கு எத்தனை வயசு?" என்றார் அவர் கன்னடத்தில்.

"இருபத்தெட்டு."

அவர் என் மனைவியைப் பார்த்தார். மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மனைவிதான் விளக்கினாள். எங்களவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரத்தில் பெண் தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா நெல் மூட்டைமேல் உட்கார்ந்து அவளை மடியில் ஏற்றிக்கொள்வார். நடுவில் கூறைப் புடவை மாற்றிக்கொள்ள மட்டும் எழுந்து போவாள், மற்றபடி கன்னிகாதானம் முடிந்து, மந்திரமெல்லாம் முடிந்து, கெட்டிமேளம் கொட்டி மூன்று முடிச்சும் விழும்வரை அப்படியே இருக்க வேண்டும். எப்படியும் கால்மணி, இருபது நிமிஷம் ஆகும். தை மாதக் கடைசியில் முகூர்த்தம் வைத்திருந்தோம். நான் விழுந்தது ஆனி. கையில் இருந்தது ஏழு மாதம்.

"எலும்பு சேரட்டும், பார்க்கலாம்" என்றார் டாக்டர். உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை இந்தப் 'பார்க்கலாம்'.

விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாமராஜநகரில் இருக்கிற என் தம்பி அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டான். "அண்ணா, நீ ஒண்ணும் கவலப்படாதே. நானும் என் ஆத்துக்காரியும் மணையில உக்காந்து தாரை வார்த்துக் குடுத்துடறோம். என் மடியில உக்காந்தா என்ன, உன் மடியில உக்காந்தா என்ன? அவ என் பொண்ணும்தானே?" என்றான். அவன் நல்லவன். சொன்னதில் ஒரு பொல்லாப்பும் இல்லை. இருந்தாலும் அவன் தொடையை நான் பார்த்த பார்வையில், பாவம், வேஷ்டியை இழுத்து மூடிக்கொண்டான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வேறு விதமாகச் சொன்னாள். "பக்கத்துல பக்கத்துல ரெண்டு சேர் போட்டுண்டு உக்காந்துக்கலாம்பா. பரவாகில்ல. இப்போ நெறைய பேர் அப்படித்தான் பண்றா."

"நெறைய பேர் என்ன வேணா பண்ணட்டும். நான் மடியிலதான் வெச்சுப்பேன்" என்றேன், படுக்கையில் மல்லாந்தபடி, திரும்பிப் படுக்கக்கூட வக்கில்லாமல்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் ஃபிசியோதெரபிஸ்ட் அம்மாள் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், கொள்ளேகால்காரி. பட்டு நெய்கிற குடும்பம், இவள் மட்டும் படித்து மைசூருக்கு வந்துவிட்டாள். கொங்குத் தமிழும் கன்னடமும் கலந்து மரியாதையாகப் பேசுவாள், மரியாதையாகவே உயிரை வாங்குவாள். முதல்நாள் என் முழங்காலை மடக்கியபோது நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"கத்துங்க சார், நல்லாக் கத்துங்க. கத்தறப்ப மூச்சு வெளிய போகுதல்லங்க, அது நல்லதுதானுங்க" என்றாள், மடக்குவதை நிறுத்தாமல்.

அவளிடம் மெஷின் கிஷின் ஒன்றும் கிடையாது. ஒரு அளவு நாடா, மணல் அடைத்த இரண்டு சின்னப் பட்டை, அவ்வளவுதான். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் சொன்னாள்: "அம்மா, சாருக்குத் தண்ணி, காப்பி, பேப்பர், ரிமோட்டு, எதுவும் கைக்கு எடுத்துக் குடுக்காதீங்க. எல்லாத்தையும் எந்திரிச்சுப் போயி எடுக்கட்டும். வீட்டு வேலைதானுங்க மருந்து. நாள் முச்சூடும் பண்ணினா அது ஒண்ணே போதுமுங்க."

முப்பது வருஷமாக இந்த உத்தரவுக்காகவே காத்திருந்த மாதிரி என் மனைவியின் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து காப்பி சமையலறை மேடையில்தான் இருக்கும். வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய், மேடையில் சாய்ந்து நின்று, ஆறுவதற்குள் குடித்துவிட்டு, டம்ளரையும் அலம்பி வைக்க வேண்டும். பேப்பர் வாசலில் கிடக்கும். கண்ணாடி இன்னொரு அறையில் இருக்கும். "ஏன்னா, ரெண்டு கறிவேப்பிலை பறிச்சுண்டு வாங்கோளேன்" என்று கொல்லைப்பக்கம் அனுப்புவாள். திரும்பி வந்தால், "கொத்தமல்லி மறந்துட்டேன்" என்பாள். அடிப்பாவி, ஒரே தடவையில் சொன்னால் என்ன?

மாடிப்படிக்கு ஒரு சட்டம் உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். முதல் நாள் மூன்று படி. உலர்ந்த துணியை எடுக்க மொட்டைமாடி வரை நானே ஏறிப் போன நாளில், எதிரே சாமுண்டி மலை மேகத்தில் பாதி மறைந்து நின்றது. வேர்த்துக் கொட்டியது. இரண்டு துண்டும் ஒரு தலையணை உறையும் தோளில் போட்டுக்கொண்டு, உலகத்தையே ஜெயித்த மாதிரி நின்றேன். இறங்கி வந்ததும், "கிளிப்பை எல்லாம் மாடியிலயே விட்டுட்டேளா?" என்றாள் மனைவி.

நடைக்கு இலக்கு எங்கள் சந்து முனை. அங்கே போய் நின்றால் பன்னிமண்டபம் போகிற பெரிய ரோடு. ஆவணியில் ஒரு நாள் காலை வாக்கரோடு நான் முனையைத் தொட்டபோது ரோட்டில் ஆட்டோவெல்லாம் ஒதுங்கி நின்றன. தசரா யானைகள் வந்துகொண்டிருந்தன. தசராவுக்கு வெகுமுன்பே அவை காட்டிலிருந்து ஊருக்கு வந்துவிடும். அம்பாரி சுமக்கப் போகிற யானைக்குத் தினமும் ஒத்திகை. அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை முதலில் வெறும் முதுகோடு நடத்துவார்கள். பிறகு முதுகில் மணல் மூட்டை ஏற்றுவார்கள். நாளாக நாளாக மூட்டை கூடிக்கொண்டே போய், கடைசியில் அம்பாரியின் கனத்துக்கு வந்து நிற்கும். சின்ன வயசிலிருந்து வருஷாவருஷம் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் மண்டையில் பல்ப் எரிந்தது. அட, அதற்கு அம்பாரி, எனக்குப் பெண். அதற்கு மணல் மூட்டை என்றால் எனக்கு?

அடுத்த வாரமே பதில் வீடு தேடி வந்தது. கடையிலிருந்து அரிசி கொண்டுவந்த ஆள் இருபத்தைந்து கிலோ மூட்டையைக் கூடத்துத் திவான் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கொள்ளேகால் அம்மாள் அப்போது எனக்கு அனுமதித்திருந்தது கணுக்காலில் கட்டுகிற மணல் பட்டை மட்டும்தான். அதெல்லாம் குழந்தை விளையாட்டு என்று எனக்குத் தோன்றிவிட்டது. சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திவானை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இடைஞ்சலாக இருக்கிறது என்று வாக்கரை எட்டத் தள்ளினேன். மூட்டையின் காதைப் பிடித்து ஒரே இழுப்பு. சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்து மடியில் அமர்ந்தது.

முதல் நிமிஷம் ராஜாவாக இருந்தேன். வலிக்கவில்லை. கெட்டிமேளம்கூட வாயாலேயே வாசித்துப் பார்த்தேன். ஐந்தாம் நிமிஷம் தொடைக்குள் இருந்த கம்பி தன் இருப்பைச் சொல்ல ஆரம்பித்தது. சரி, போதும் என்று மூட்டையைத் திவானுக்குத் தள்ளினேன். மூட்டை நகரவில்லை, நாற்காலிதான் பின்னால் நகர்ந்தது. திரும்பத் தள்ளினேன், இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. திவானுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி விழுந்த பிறகுதான் நிறுத்தத் தோன்றியது. கீழே உருட்டிவிட்டால் நேராகப் பாதத்தில் விழும். எழுந்திருக்கவோ வழியே இல்லை. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

கூத்தில் கூத்து, நடுவில் ஒருவர் வந்து வாசல் மணியை அடித்தார். கூரியர். கதவு தாழ் போடாமல்தான் இருந்தது. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் உள்ளே வந்து மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருப்பார். மடியில் அரிசி மூட்டையோடு ஒரு வேற்று மனிதர் கண்ணில் படுவதா? "அப்புறம் வாங்க" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். மானம் பிழைத்தது. தொடை வீங்க ஆரம்பித்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து மனைவி வந்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னன்னா இது?"

"அரிசி."

"அது தெரியறது."

யானையைப் பற்றிச் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூட்டையைத் தூக்க அவளாலும் முடியவில்லை. உள்ளே போய்க் கத்தரிக்கோலும் படியும் பெரிய குண்டானும் கொண்டுவந்தாள். மூட்டையின் தையலைப் பிரித்து, என் மடியிலிருந்து படிபடியாக அரிசியை முகந்து குண்டானில் கொட்டினாள். பாதியில் அழுதுகொண்டே திட்டினாள். "கால் போயிருந்தா என்ன பண்ணுவேள்? யாரைக் கேட்டு இதெல்லாம்? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?" மடியில் சிந்தினதை நான் பொறுக்கிப் பொறுக்கிக் குண்டானில் போட்டேன்.

மறுநாள் கொள்ளேகால் அம்மாள் அளவு நாடாவை என் தொடையில் சுற்றிப் பார்த்துவிட்டு, அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது திட்டை விடக் கஷ்டமாக இருந்தது.

"ஏனுங்க சார், அந்த ஆனைக்கு மொத நாளே மூட்டைய ஏத்தினாங்களா?"

"இல்லை."

"அதுக்கு மாவுத்தன் ஒருத்தரு இருக்கறாரு. அவரு சொன்னாத்தான் அது காலைத் தூக்கும். உங்களுக்கு மாவுத்தன் நானுங்க. இன்னொருக்கா இப்படிப் பண்ணுனீங்கன்னா நான் வரமாட்டனுங்க, சொல்லிட்டேன்."

டாக்டர் மறுபடி படம் எடுத்தார். நல்லவேளை, திருகு அசையவில்லை. சதைதான் பிடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் மடக்குவதைத் தவிரப் பதினைந்து நாள் நடை, மாடிப்படி எல்லாம் நின்றது, நான் மறுபடி கட்டிலோடு. பக்கத்து ரோட்டில் யானைகள் மட்டும் ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தன.

அந்தச் சனிக்கிழமை மகள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள், கன்னடத்தில். கோபத்துக்குக் கன்னடம் என்பது பரம்பரை வியாதி. திட்டி முடித்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். சுடுகிறதா என்று பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டாள்.

"எதுக்குப்பா இவ்வளவு? சேர்ல உக்காந்தா நான் உன் பொண்ணு இல்லேன்னு ஆயிடுமா?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "உனக்கு மூணு வயசுலேர்ந்து பத்து வயசு வரைக்கும் நான் ஹூப்ளி பட்டறையில இருந்தேன். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருவேன். நீ அம்மா மடியிலதான் உக்காருவே. நான் கூப்பிட்டா வரமாட்டே, வெக்கப்பட்டுண்டு ஓடிடுவே. நான் மாத்தல் வாங்கிண்டு இங்க வந்து சேர்ந்தப்போ, நீ மடியில உக்கார்ற வயசே தாண்டிடுத்து. இது ஒண்ணுதான் பாக்கி எனக்கு" என்றேன்.

அவள் எழுந்து போய், சமையலறையிலிருந்து காப்பி எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். சட்டப்படி குற்றம். அன்று ஒரு நாள் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரமும் கொள்ளேகால் அம்மாள் வருகிற நேரமும் ஒன்றாக அமைந்தது. கேட்டருகில் நின்று இரண்டு பேரும் வெகுநேரம் ஏதோ பேசினார்கள். அந்த அம்மாள் காம்பவுண்டுச் சுவரைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னாள். "என்ன பேச்சு?" என்று கேட்டதற்கு, "உங்க கால் எப்படி இருக்குன்னு கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு என் முழங்காலை மடக்கினாள். கேட்க வேண்டிய மற்ற கேள்விகளெல்லாம் எனக்கு மறந்துபோயின.

அதற்குப் பிறகு நான் ஒழுங்குப் பிள்ளையாகிவிட்டேன். தசரா வந்து போயிற்று. யானை அம்பாரியைச் சுமந்துகொண்டு போனதை டி.வி.யில் பார்த்தேன். அது பாட்டுக்கு அசைந்து நடந்த நடையில் எனக்கு வயிற்றெரிச்சலாகவே இருந்தது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஐப்பசி மழை விட்டதும் பாலுக்கு நானே போனேன், அப்புறம் காய்கறிக்கும். "உக்காந்து எந்திரிங்க, உக்காந்து எந்திரிங்க" என்பதுதான் அந்த அம்மாளின் மந்திரம். எந்த வேலை செய்தாலும் நடுவில் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். முதலில் உயர நாற்காலி, பிறகு திவான், பிறகு முக்காலி. மார்கழியில் அவரைக்காய் வந்தது. மைசூரில் அந்தப் பருவம் முழுக்க எந்த வீட்டுக்குப் போனாலும் அவரைக்கொட்டையை நசுக்கித் தோல் நீக்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் நீக்கினவன் நான். ஒவ்வொரு கிண்ணமாக நிரப்பி, எழுந்து போய் மேடையில் வைத்துவிட்டு வந்து திரும்ப முக்காலியில் உட்காருவேன். அவரைக்கொட்டைக் குழம்பு அந்த வருஷம் எங்கள் வீட்டில் அளவுக்கு மீறிப் பொங்கி வழிந்தது. சலித்துக்கொண்டே சாப்பிட்டேன், சந்தோஷமாகவும் இருந்தது.

வாராவாரம் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். எப்போது பார்த்தாலும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவாள். கல்யாணத்துக்காக உடம்பை இளைக்கிறாள் என்று நினைத்தேன். "எக்ஸர்ஸைஸ் போறும், ஒழுங்கா சாப்பிடு. உன்னை யாரும் தராசுல நிறுத்தப் போறதில்லே" என்று அதட்டுவேன். "உன் மடியிலதானே நிறுத்தப் போறா" என்று சிரிப்பாள்.

தை பிறந்ததும் எடுத்த படத்தில் எலும்பு ஒட்டியிருந்தது. டாக்டர் அந்தப் 'பார்க்கலாம்' இல்லாமல் "ஆகட்டும்" என்றார். கொள்ளேகால் அம்மாள் அதை அப்படியே நம்பவில்லை. ஆளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். மகளைக் கூப்பிடலாம் என்றால், ஒத்திகைக்கெல்லாம் அவள் உட்காரக் கூடாது என்று மனைவி ஒரே பிடியாக நின்றாள்.

"அப்ப நீங்க உக்காருங்கம்மா" என்றாள் அந்த அம்மாள்.

மனைவி புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, எப்படி உட்கார வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் மனைவி வாசற்கதவைத் தாழ் போட்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். வாய்விட்டு எண்ணினோம். எட்டு வரை தாங்கியது. அப்புறம் நான் பல்லைக் கடித்தது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, எழுந்துவிட்டாள்.

"வலிக்கறதா?"

"இல்லை."

"பொய்" என்றாள். ஆனால் போகும்போது என் தலையை ஒரு தடவை கோதிவிட்டுப் போனாள். அன்று ராத்திரி மகளிடம் போனில் அவள் என்ன ஒப்பித்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தம்பிக்கும் போன் போயிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று அவனைப் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு தயாராக மேடை ஓரத்தில் நிற்கச் சொல்லியிருந்தாள்.

முகூர்த்தத்தன்று காலை நெல் மூட்டையைக் கொண்டுவந்து போட்டார்கள். மற்றச் சடங்குக்கெல்லாம் நான் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்துகொள்ள, கல்யாணம் செய்துவைக்கிற வாத்தியார் அனுமதித்திருந்தார். நெல் மூட்டையில் உட்கார்ந்ததும் தொடையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். எட்டு எண்ணுவதற்குள் வலித்த தொடை, இருபது நிமிஷம் எப்படித் தாங்கும்? முதல் வரிசையில் கொள்ளேகால் அம்மாள் பட்டுப்புடவையில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடை ஓரத்தில் தம்பி. பக்கத்தில் மனைவி தாரை வார்க்கிற சொம்போடு நின்றாள். அரக்கு நிற மடிசாரில் மகள் வந்தாள். திரும்பினாள். என் மடியில் உட்கார்ந்தாள்.

ஒன்றுமே தெரியவில்லை. இறகு வந்து அமர்ந்த மாதிரி இருந்தது. சரிதான், தொடை மரத்துவிட்டது போலிருக்கிறது என்று பயந்தே போனேன். விரலால் கிள்ளிப் பார்த்தேன், சுரீரென்றது. தொடை சரியாகத்தான் இருந்தது. பின் ஏன் கனமே இல்லை? குனிந்து பார்த்தேன். மடிசார் விளிம்புக்குக் கீழே அவள் இரண்டு பாதமும் தரையில் அழுந்தியிருந்தன. விரலெல்லாம் வெளுத்திருந்தது. முழங்கால் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அவள் உட்காரவே இல்லை. என் மடிக்கு ஒரு நூல் உயரத்தில், பார்க்கிறவர்களுக்கு உட்கார்ந்த மாதிரி, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாள். காம்பவுண்டுச் சுவரைக் காட்டிக் காட்டிப் பேசினது, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினது எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நாற்காலி இல்லாமல் உட்கார ஐந்து மாதமாகப் பழகியிருக்கிறாள். அடிப் பெண்ணே!

"உக்காருடி" என்றேன் அவள் காதருகில்.

"உக்காந்துண்டுதான் இருக்கேன்பா."

"புளுகாதே. கால் நடுங்கறது உனக்கு."

"உனக்கு வலிக்கும்பா. அம்மா சொன்னா. எட்டு வரைக்கும்தான்னு."

"வலிச்சா வலிக்கட்டும். எனக்கு இதுதான் வேணும். உக்காரும்மா."

வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு உட்கார்ந்தாள். முழுசாக, முதுகையும் என் மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வலித்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே வலித்தது. அவள் தலையில் வைத்திருந்த பூ என் மூக்கில் குத்தியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வலிக்கு வந்தது பாதி, மீதி வேறு. முதல் வரிசையில் அந்த அம்மாள், மூச்சை விடுங்கள், மூச்சை விடுங்கள் என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். விட்டேன். கன்னிகாதானம் ஆயிற்று, சொம்புத் தண்ணீர் விழுந்தது, கூறைப் புடவை கட்டிக்கொண்டு வந்து மறுபடி என் மடியில் அமர்ந்தாள். இந்தத் தடவை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேர் மேலும் குனிந்து முடிச்சுப் போட்டார்.

"எழுந்துக்கோம்மா" என்றார் வாத்தியார் அவளிடம்.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. முதல் தடவை அந்தரத்தில் நின்ற களைப்பில், திரும்ப உட்கார்ந்ததும் இரண்டு காலும் பிடித்துக்கொண்டுவிட்டது. "அப்பா, கால் வரமாட்டேங்கறது" என்று கிசுகிசுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரத்திலிருந்து தம்பி ஓடிவந்தான். அவனைக் கையால் நிறுத்திவிட்டு, ஏழு மாதமாக நான் கேட்டதையெல்லாம் அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். முன்னால் சாய், மூச்சை விடு, பாதத்தை அழுத்து, அவசரமே இல்லை. அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

தொடை லேசாகிவிட்டது. வலியும் போய்விட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.